ஸீப்ரா மீன் குஞ்சுகளில் நீண்டகால நச்சுச் சோதனை: கன்ட்ரோலிலேயே சாவு, செறிவும் நிற்கவில்லை

தெங்கா26 கேட்டது:

வணக்கம். ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வகுத்த 210-ஆம் முறைப்படி, அதாவது முட்டையில் தொடங்கிக் குஞ்சுப் பருவம் முடியும்வரை ரசாயனத்தில் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு, முன்னோட்டம் ஒன்று ஓடி முடிந்திருக்கிறது. இரண்டு இடத்தில் சிக்கல். விவரம் கீழே. நாள் கணக்கு எல்லாம் முட்டை கருவுற்ற நாளிலிருந்து.

மீன்: ஸீப்ரா. ரசாயனம்: பிளாஸ்டிக்கில் சேர்க்கும் ஒரு கரிமப் பொருள். நீரில் கரைதிறன் லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராம், லாக் கேஓடபிள்யூ (நீரைவிடக் கொழுப்பை நாடும் அளவு) 4.3, எளிதில் ஆவியாகாது. வளர்ந்த மீனில் 96 மணி நேர எல்சி50, அதாவது பாதி மீன்களைக் கொல்லும் செறிவு, லிட்டருக்கு 1.8 மில்லிகிராம்.

அமைப்பு: 1 லிட்டர் கண்ணாடி பீக்கர். 5 செறிவுகள், ரசாயனம் சேராத ஒப்பீடுகளாக நீர் கன்ட்ரோல், கரைப்பான் கன்ட்ரோல், ஒவ்வொன்றுக்கும் 4 பீக்கர், பீக்கருக்கு 20 முட்டை. மொத்தம் 28 பீக்கர். கரைப்பான் அசிட்டோன், லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டர். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 80% நீர் மாற்றம், பீக்கர் மாற்றவில்லை. வெப்பநிலை 26 டிகிரி.

உணவு: 6-ஆம் நாளிலிருந்து 100 மைக்ரானுக்கும் குறைவான தூள் உணவு, நாளுக்கு 3 வேளை. 12-ஆம் நாளிலிருந்து ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சு.

சிக்கல் 1: பொரிந்தது 86%, நன்றாகவே இருந்தது. ஆனால் பொரித்த பின் உயிரோடு மிஞ்சியது நீர் கன்ட்ரோலில் 61%, கரைப்பான் கன்ட்ரோலில் 54%. சாவு பெரும்பாலும் 9 முதல் 13-ஆம் நாளுக்குள். கரைப்பான் கன்ட்ரோலில் காலை ஆக்சிஜன் லிட்டருக்கு 4.6 மில்லிகிராம் வரை இறங்கியது.

சிக்கல் 2: புதிதாகக் கலந்த நீரில் குறித்த செறிவில் 92 முதல் 97% கிடைக்கிறது. 24 மணி நேரம் கழித்து 3-ஆம் நாளில் 78%, 14-ஆம் நாளில் 31%.

முதலில் எதைச் சரிசெய்வது? நீர் இடைவிடாமல் ஓடி மாறும் ஓடுநீர் முறைக்கு மாறியே ஆக வேண்டுமா? இளமீன் வளர்ச்சிச் சோதனையான 215-ஐ வைத்து இதை ஈடுகட்ட முடியுமா என்றும் ஒரு யோசனை. முதன்மைச் சோதனைக்கு என்ன செறிவுகள் வைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

---

குஞ்சுப்பொரி பதில்:

9 முதல் 13-ஆம் நாள் என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. அது பட்டினிச் சாவு. 26 டிகிரியில் 6, 7-ஆம் நாளுக்குள் கரு மஞ்சள் தீர்ந்துவிடும். அதற்குள் வாய்க்கு ஏற்ற இரை கிடைக்காத ஸீப்ரா குஞ்சு உடனே சாகாது. சில நாள் நீந்திக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு உணவு கண்முன் இருந்தாலும் பிடித்துத் தின்ன வலு இருக்காது. கடைசியில் நீங்கள் சொல்லும் அதே நாள்களில் வரிசையாக விழும். இரண்டு கன்ட்ரோலிலும் ஒரே நாள்களில் செத்திருப்பதால் ரசாயனத்தையோ அசிட்டோனையோ முதல் குற்றவாளி ஆக்க முடியாது. அசிட்டோன் நிலைமையை இன்னும் மோசமாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

8-ஆம் நாள் ஒரு குஞ்சைச் சொட்டுக்குழாயில் எடுத்து, குழிவான கண்ணாடித் தட்டில் விட்டு, கீழிருந்து ஒளி கொடுத்து 20 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். தின்ற குஞ்சின் குடல் நிறைந்து, ஒளி புகாத ஒரு கோடாகத் தெரியும். தின்னாததற்கு வயிறு உள்ளே ஒட்டியிருக்கும். தலை மட்டும் பெரிதாகவும் உடல் ஊசிபோலவும் இருக்கும். தலைக்குப் பின்னால் வெள்ளிப் பொட்டுபோல் மின்னும் காற்றுக் குமிழியையும் தேடுங்கள். அதுதான் நீச்சல்பை. ஸீப்ரா குஞ்சு 4, 5-ஆம் நாளில் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கித்தான் அதை நிரப்புகிறது. பரப்பில் எண்ணெய்ப்படலமோ நுண்ணுயிர்ப் படலமோ மூடியிருந்தால் காற்று எட்டாது. பை நிரம்பாத குஞ்சு அடியிலேயே கிடக்கும், இரையைத் துரத்த முடியாது. அசிட்டோன் இருக்கும் பீக்கரில் இந்தப் படலம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பின்தங்கிய குஞ்சுகளுக்குத் தூள் உணவின் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும்.

தூள் உணவை மட்டும் நம்பாதீர்கள். அது அசையாது, இந்த வயதுக் குஞ்சு அசைவதைத்தான் இரை என்று அறியும். தின்னாத தூள் அடியில் படிந்து அழுகும். ஆர்ட்டீமியாவையும் 6-ஆம் நாளில் கொடுக்க முடியாது. புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவே 0.4 மில்லிமீட்டருக்கு மேல், அந்த வாய்க்குள் போகாது. நடுவில் இருக்கும் நான்கைந்து நாளை ரோட்டிஃபர் என்ற மிக நுண்ணிய நீர் உயிரியைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

ஸீப்ரா வளர்க்கும் இடங்களில் உப்புநீர் ரோட்டிஃபரான பிராக்கியோனஸ் பிளிகாட்டிலிஸை, லிட்டருக்கு 5 கிராம் உப்பு கலந்த நீரில் குஞ்சோடு சேர்த்தே விடுவார்கள். வளர்ப்புக்கு அது அருமையான வழி. நச்சுச் சோதனையில் அதைச் செய்யக் கூடாது. உப்பு சேர்த்தால் சோதனை நீரே வேறாகிவிடும், ரசாயனத்தின் கரைதிறனும் மாறும். நன்னீர் இனமான பிராக்கியோனஸ் காலிசிஃப்ளோரஸ் கிடைத்தால் அதை வளருங்கள். கிடைக்காவிட்டால் உப்புநீர் இனத்தையே 50 மைக்ரான் சல்லடையில் வடித்து, சோதனை நீராலேயே இரண்டு முறை அலசி, கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு 4 வேளை போடலாம். நன்னீரில் அது நெடுநேரம் தாங்காது என்பதால்தான் அடிக்கடி, குறைவாக. மில்லிலிட்டருக்கு 20 என்று தொடங்கி, அடுத்த வேளை வரும்போது நீரில் இன்னும் சில அசைகின்றனவா என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

5-ஆம் நாள் மாலையிலேயே ரோட்டிஃபரைத் தொடங்கிவிடுங்கள், பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 9 அல்லது 10-ஆம் நாள் ஆர்ட்டீமியா. இரண்டு நாள் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். குடல் ஆரஞ்சு நிறமாகத் தெரிகிற குஞ்சு ஆர்ட்டீமியாவைப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பீக்கரில் பத்தில் ஒன்பது குஞ்சாவது ஆரஞ்சு வயிற்றோடு தெரிந்த பிறகு ரோட்டிஃபரை நிறுத்தலாம்.

ஆர்ட்டீமியா பொரிப்பதில் நம் சிங்கப்பூர் வெப்பத்தைக் கணக்கில் எடுங்கள். பாக்கெட்டில் 28 டிகிரி, 24 மணி நேரம் என்றிருக்கும். குளிரூட்டாத அறையில் 30 டிகிரியில் அதற்கும் முன்பே பொரிந்துவிடும். 24 மணி நேரம் காத்திருந்தால் அவை அடுத்த பருவத்துக்குப் போய், உடல் பெருத்து, சத்தும் குறைந்திருக்கும். 18 மணி நேரத்தில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும். அடியில் விளக்கு வைத்தால் பொரித்தவை அங்கே கூடும். ஓடு கலந்து போனால் குஞ்சின் குடல் அடைத்துக்கொள்ளும். சோதனையில் அந்தச் சாவு ரசாயனத்தின் கணக்கில் ஏறிவிடும்.

---

ஓடுநீர் பதில்:

இரண்டு சிக்கல் என்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. குஞ்சுப்பொரி சொன்ன அழுகும் தூளும் உங்கள் அசிட்டோனும் சேர்ந்து பீக்கருக்குள் ஒரு நுண்ணுயிர்ப் பண்ணையை வளர்த்துவிட்டன. ஆக்சிஜனைக் குடித்ததும் அதுதான், ரசாயனத்தைத் தின்றதும் அதுதான்.

செறிவு எண்களைப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டிக் குறைகிற பொருளாக இருந்தால் முதல் சில நாள் இழப்பு அதிகமாகவும், சுவர் நிறைந்த பிறகு இழப்பு குறைவாகவும் இருக்கும். உங்களுக்குத் தலைகீழாக 78-லிருந்து 31-க்கு இறங்குகிறது. நாள் ஆக ஆக இழப்பு கூடினால், அந்தப் பொருளைச் சிதைக்கப் பழகிய நுண்ணுயிர்கள் பெருகுகின்றன என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். மீன் உடலும் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் இரண்டு வாரக் குஞ்சின் எடைக்கு இவ்வளவு இழப்பு பொருந்தாது.

உறுதிசெய்ய ஒரே நாள் போதும். ஒரே செறிவில் மூன்று பீக்கர் வையுங்கள்: மீனும் உணவும் இல்லாத புதிய பீக்கர், உணவு மட்டும் போட்ட புதிய பீக்கர், மீனை எடுத்துவிட்ட 14-ஆம் நாள் பழைய பீக்கர். 24 மணி நேரத்துக்குப் பின் மூன்றிலும் செறிவை அளவிடுங்கள். பிறகு பீக்கரைக் காலிசெய்து, சுவரை மெத்தனாலால் அலசி அதையும் அளவிடுங்கள். நீரில் குறைந்தது சுவரில் கிடைத்தால் ஒட்டல். எங்குமே கிடைக்காவிட்டால் சிதைவு. பழைய பீக்கரின் உட்சுவரில் விரலை ஓட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வழுக்கினால் அங்கே படலம் இருக்கிறது.

அசிட்டோன் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டர் என்பது விதி அனுமதிக்கும் உச்ச அளவு. எடையில் அது சுமார் 79 மில்லிகிராம். ஒரு கிராம் அசிட்டோன் முழுதாகச் சிதைய 2.2 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு லிட்டரிலும் 174 மில்லிகிராம் ஆக்சிஜனை விழுங்கக்கூடிய உணவைத் தினமும் நுண்ணுயிர்களுக்கு வைக்கிறீர்கள். 26 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் இருப்பதே 8.1 மில்லிகிராம்தான். அதில் 60%, அதாவது 4.9-க்குக் கீழே போனாலே சோதனை செல்லாது. உங்கள் 4.6 அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

உங்களுக்குக் கரைப்பானே தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். கரைதிறன் 6 மில்லிகிராம். மிக உயர்ந்த சோதனைச் செறிவு எல்சி50-ஐயோ 10 மில்லிகிராமையோ, இரண்டில் குறைந்ததைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் 1.8 மில்லிகிராமில் தொடங்குவது வீண், குஞ்சுகள் அங்கே மிஞ்ச வாய்ப்பில்லை. பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, 3.2 மடங்கு இடைவெளியில் இறங்குங்கள்: 180, 56, 18, 5.6, 1.8 மைக்ரோகிராம்/லிட்டர். உங்கள் முன்னோட்டத்தில் 180-இல் ஒன்றுமே தெரியாமல் இருந்திருந்தால் மட்டும் ஒரு படி மேலே ஏறலாம். 3.2-க்கு மேல் இடைவெளி வைக்கக் கூடாது.

180 என்பது கரைதிறனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. பொருளைக் கண்ணாடிக் குடுவையின் உட்சுவரில் மெல்லிய பூச்சாக ஏற்றி, கரைப்பானை முழுக்க ஆவியாக்கிவிட்டு, நீர் ஊற்றி இருட்டில் 48 மணி நேரம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகச் சுழற்றினால் கரையாத துகள்கள் மிதந்து வரும். அளவிடும்போது அதுவும் கரைந்ததுபோல் கணக்காகும். ஒரு நாள் தெளியவிட்டு, நடுப்பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள். வடிதாளைத் தவிர்க்கலாம், 4.3 லாக் கேஓடபிள்யூ உள்ள பொருள் அதிலும் ஒட்டும். இந்தத் தாய்க்கரைசலில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் கிடைத்தாலே தாராளம். 180-க்கு லிட்டருக்கு 36 மில்லிலிட்டர் சேர்த்தால் போதும். கரைப்பான் போனால் கரைப்பான் கன்ட்ரோலும் போகும். 28 பாத்திரம் 24 ஆகும், 80 முட்டை மிச்சம்.

முதன்மைச் சோதனைக்கு ஓடுநீருக்குப் போங்கள். 2 லிட்டர் பாத்திரம், நாளுக்கு 5 முறை நீர் மாறும் ஓட்டம் என்றால் ஒன்றுக்கு 10 லிட்டர், 24-க்கு 240 லிட்டர். ஐந்து செறிவையும் கூட்டினால் 261 மைக்ரோகிராம். ஒவ்வொரு செறிவுக்கும் நாளுக்கு 40 லிட்டர். ஆக நாளுக்கு 10.5 மில்லிகிராம் பொருள், அதாவது 2.1 லிட்டர் தாய்க்கரைசல். முட்டை வைக்குமுன் ஓடவிடும் நாளும் சேர்த்து 37 நாளுக்கு 0.4 கிராமுக்குள் முடிந்துவிடும். பயமுறுத்தும் அளவு எதுவும் இல்லை.

பலர் தவறவிடுவது குழாயை. சிலிக்கோன் குழாய் இந்த மாதிரிப் பொருளைப் பஞ்சுபோல் உறிஞ்சும். பெரிஸ்டால்டிக் பம்பின் தலைக்குள் போகும் சிறு துண்டைத் தவிர மற்ற எல்லாம் டெஃப்லான், கண்ணாடி, எவர்சில்வர் ஆகட்டும். முட்டை வைப்பதற்கு முன் குறைந்தது 48 மணி நேரம் ரசாயனத்தை ஓடவிட்டு, அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துவந்த பின்பே முட்டையை வையுங்கள். அதன் பிறகு வாரம் ஒருமுறையாவது எல்லாச் செறிவிலும், பாத்திரங்களை மாற்றி மாற்றி, மாதிரி எடுங்கள்.

வெளியேறும் 240 லிட்டரைக் கழிவுநீர்க் குழாயில் அப்படியே விடக் கூடாது. கரித்தூண் வழியாக விட்டு, வெளியே வரும் நீரை அளந்துவிட்டுத்தான் விட வேண்டும். தாய்க்கரைசல் மிச்சமும் பயன்படுத்திய கரியும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் போக வேண்டும்.

---

கிளமெண்டி_நீர் பதில்:

நீரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 240 லிட்டர் என்றவுடன் குழாய் நீர்தான் நினைவுக்கு வரும், அதனால் சொல்கிறேன்.

சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோராமின். ஒரு இரவு வாளியில் வைத்தால் போய்விடும் என்பது குளோரினுக்கு ஓரளவு பொருந்தும், குளோராமினுக்குப் பொருந்தாது. தயோசல்ஃபேட் போட்டால் குளோரின் போகும், அம்மோனியா நீரிலேயே நிற்கும். பிஎச் 8, 26 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் 6% அளவு நச்சு வடிவத்தில் இருக்கும்; பிஎச் 7-இல் அது 0.6% மட்டுமே. விதி கேட்பது நச்சு வடிவ அம்மோனியா லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குள், எஞ்சிய குளோரின் 10-க்குள். எனவே கரி வடிப்பான், அதுவும் குளோரினுக்கு வைப்பதைவிடக் குறைந்த வேகத்தில். பின் முதிர்ந்த உயிரி வடிப்பான். அல்லது எதிர்ச் சவ்வூடு பரவல் செய்த நீரில் உப்புகளைத் திரும்பச் சேர்ப்பது.

மீன் கடையில் விற்கும் சோதனைப் பட்டை "கட்டற்ற குளோரின்" மட்டும் காட்டினால் அதை நம்பவே வேண்டாம். குளோராமின் நிறைய இருக்கும்போதும் அது பூஜ்யம் காட்டும். மொத்த குளோரின் அளக்கும் டிபிடி முறைதான் வேண்டும். செப்புக் குழாயில் இரவு முழுக்கத் தேங்கிய நீரையும் எடுக்காதீர்கள், செம்பு குஞ்சுகளுக்கு மிகக் கொடியது. விதிப்படி லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

கலந்து செய்கிற நீர் என்றால் லிட்டருக்கு கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 294 மில்லிகிராம், மக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 123, சோடியம் பைகார்பனேட் 65, பொட்டாசியம் குளோரைடு 6. கால்சியத்தைத் தனியாகக் கரைத்துக் கடைசியில் சேருங்கள். செறிந்த கரைசல்களை ஒன்றோடொன்று கலந்தால் வெண்மையாக வீழ்படிந்துவிடும். பயன்படுத்துமுன் ஒரு நாள் காற்றடியுங்கள்.

வெப்பநிலை: பாத்திரங்களுக்கிடையிலோ அடுத்தடுத்த நாள்களுக்கிடையிலோ 1.5 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. குளிர்நாட்டுக் குறிப்புகள் எல்லாம் ஹீட்டரைப் பற்றியே பேசும். இங்கே நமக்கு வேண்டியது சில்லர். வார இறுதியில் கட்டடத்தின் பொதுக் குளிரூட்டியை நிறுத்தினால் அறை 29, 30-க்குப் போகும், திங்கள் காலை வந்து பார்த்தால் மீண்டும் 26 காட்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் கருவியைப் பாத்திரத்துக்குள்ளேயே வையுங்கள். 29 டிகிரியில் வரும் நீரை மணிக்கு 10 லிட்டர் வீதம் 26-க்கு இறக்க 35 வாட் குளிர்த்திறன் போதும். சிறிய மீன்தொட்டிச் சில்லரோடு ஒரு நீர்த்தட்டு வைத்து, பாத்திரங்களை அதில் நிறுத்தினால் அறை எப்படி ஆடினாலும் மீனுக்குத் தெரியாது.

முட்டைக்குச் சுங்கை தெங்கா பக்கத்துப் பண்ணை மீன்களை வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். விற்பனைக்கு வளர்த்த அலங்கார மீனுக்கு என்ன மருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வம்சம் தெரிந்த ஆய்வகக் கூட்டத்திலிருந்து எடுங்கள். நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு அனுமதியும் முதலிலேயே வேண்டும். ஆய்வக விலங்குகளுக்கான சிங்கப்பூரின் நாக்லார் வழிகாட்டி மீனையும் சேர்த்தே பேசுகிறது. 34 நாள் ஓடும் இந்தச் சோதனையை "கரு மட்டும்தான்" என்று எழுத முடியாது.

---

கணக்குப்பிள்ளை பதில்:

215 பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. அது ஈடாகாது. 215 என்பது பொரித்து வளர்ந்துவிட்ட இளமீனை 28 நாள் வைத்து எடை கூடும் வேகத்தைப் பார்ப்பது. முட்டை, பொரிதல், முதல் உணவு ஆகிய மூன்று கட்டமும் அதில் இல்லை. பல பொருள்கள் காட்டிக்கொடுப்பதே அந்த மூன்றில்தான்.

அடுத்து, ஒரு செறிவுக்கு 80 முட்டை என்பதால் மாதிரி எண்ணிக்கை 80 என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே நீரில் நீந்தும் 20 குஞ்சும் ஒன்றையொன்று பாதிக்கும். கணக்கில் அலகு பாத்திரம், எண்ணிக்கை 4. தனி மீன்களை அலகாக வைத்துச் செய்த பகுப்பாய்வு, இல்லாத வேறுபாட்டையும் இருப்பதாகக் காட்டும்.

அதனால் முட்டைப் பங்கீடு முக்கியம். குறைந்தது மூன்று பெற்றோர்க் கூட்டத்தின் முட்டைகளை ஒன்றாகக் கலந்து, ஒரு பாத்திரத்துக்கு இரண்டு இரண்டாக, சீட்டுப்போட்ட வரிசையில், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி நிரப்புங்கள். முதல் பாத்திரத்தில் 20, பிறகு அடுத்தது என்று நிரப்பினால் முதலில் கண்ணில் பட்ட நல்ல முட்டை எல்லாம் கன்ட்ரோலுக்கே போய்விடும். பாத்திரங்கள் நிற்கும் இடத்தையும் சீட்டுப்போட்டே முடிவுசெய்யுங்கள்.

எடை உங்களை ஏமாற்றும். எடுத்துக்காட்டாக, கன்ட்ரோல் பாத்திரத்தில் 17 மீன், சராசரி 40 மில்லிகிராம். 56 மைக்ரோகிராம் பாத்திரத்தில் 9 மீன், சராசரி 52. ரசாயனம் வளர்ச்சியைத் தூண்டியது என்று எழுதிவிடாதீர்கள். பாதிப் பேர் செத்ததால் மிஞ்சியவர்களுக்கு உணவும் இடமும் கூடியிருக்கிறது. மொத்த எடையைப் பாருங்கள்: 680-க்கு எதிராக 468. உணவை நாள்தோறும் உயிரோடிருக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைத்தால் இந்தக் குழப்பம் குறையும். முடிவுநாளுக்கு முந்தைய 24 மணி நேரம் உணவு வேண்டாம். குடலில் இருக்கும் ஆர்ட்டீமியாவும் எடையில் ஏறும்.

நீளம், எடைக்கான புள்ளியியல் சோதனை: செறிவு கூடக்கூட விளைவும் ஒரே திசையில் போனால் படியிறங்கும் ஜான்கீர்-டெர்ப்ஸ்ட்ரா அல்லது வில்லியம்ஸ் சோதனை. அப்படிப் போகாவிட்டால் டன்னெட். உயிர்ப்பிழைப்புக்கு காக்ரன்-ஆர்மிட்டேஜ், பாத்திரங்களுக்கிடையே சிதறல் அதிகமென்றால் ராவ்-ஸ்காட் திருத்தத்தோடு. செல்லுபடிக்கு ஸீப்ரா கன்ட்ரோலில் பொரிதல் 70%, பொரித்த பின் பிழைப்பு 75% வேண்டும். உங்கள் 61 இரண்டாவதில் தோற்கிறது. 75-ஐ எட்டியவுடன் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கன்ட்ரோல் பாத்திரங்களில் ஒன்று 95, ஒன்று 60 என்று இருந்தால் சராசரி தேறும், ஆனால் மிதமான விளைவு எதையும் அந்தச் சோதனையால் பிடிக்க முடியாது.

---

தெங்கா26:

மிக்க நன்றி. கரைப்பானை விட்டுவிடுகிறோம். ஓடுநீர் அமைப்பு வந்துசேர ஆறு வாரம் ஆகும். அதுவரை, உணவு முறை சரிதானா என்று பார்க்க, பீக்கர் முறையிலேயே இன்னொரு முன்னோட்டம் ஓட்டலாமா? செறிவு அப்போதும் இறங்கினால் எந்த எண்ணை எழுதுவது?

---

ஓடுநீர் பதில்:

ஓட்டலாம். கன்ட்ரோலும் 56, 180 ஆகிய இரண்டு செறிவும் மட்டும் போதும். நீரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 7 நாளுக்கு ஒருமுறை புதிய பீக்கர். குஞ்சை வலையால் அள்ளாதீர்கள், அகன்ற வாய்ச் சொட்டுக்குழாயில் நீரோடு சேர்த்து மாற்றுங்கள்.

செறிவு தொடக்கத்தில் 100, முடிவில் 40 என்று வைத்துக்கொண்டால் இரண்டின் கூட்டுச் சராசரி 70 என்று எழுதுவது தவறு. சிதைவு நேர்க்கோட்டில் நடப்பதில்லை. வேறுபாட்டை, இயல் மடக்கைகளின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும்: 60-ஐ 0.916-ஆல் வகுத்தால் 65.5. பெருக்குச் சராசரி 63 வரும், அதுவும் ஏற்கத்தக்கதே. குறித்த செறிவிலிருந்து 20%-க்கு மேல் விலகினால் முடிவு எல்லாவற்றையும் அளந்த செறிவிலேயே எழுதுங்கள்.

---

குஞ்சுப்பொரி பதில்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அடியில் படிந்த மிச்சத்தை நாள்தோறும் உறிஞ்சி எடுக்கும்போது 4 மில்லிமீட்டர் குழாய், பீக்கருக்கு மிகக் குறைந்த உயர வித்தியாசம், மெதுவான ஓட்டம். உறிஞ்சிய நீரைத் தொட்டியில் கொட்டாமல் வெள்ளைத் தட்டில் ஊற்றி, ஒரு நிமிடம் அசையாமல் விட்டுப் பாருங்கள். 10 நாள் குஞ்சு கண்ணாடிபோல் இருக்கும். வெள்ளைப் பின்னணியில் இரண்டு கறுப்புக் கண் மட்டும் தெரியும். இருந்தால் சொட்டுக்குழாயில் எடுத்து அதே பீக்கரில் விடுங்கள். அதன் பிறகு பீக்கரில் இருப்பவற்றை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்து உடலும் கிடைக்காத குஞ்சு இரண்டொரு மணி நேரத்தில் சிதைந்துபோயிருக்கும். அதைச் சாவு என்றே பதிய வேண்டும். தட்டைப் பார்க்காமல் கொட்டினால், கழிவோடு போன உயிருள்ள குஞ்சும் அதே கட்டத்தில் சாவாகப் பதிவாகும்.